ஆண் உடலில் ஆக்ஸிடோசினுக்கு என்ன வேலை?

பால் கறக்க உட்காருமுன் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது ஓடிவந்து மடியை முட்டும், காம்பைச் சப்பும். சிறிது நேரத்தில், அதுவரை தொய்ந்து கிடந்த காம்புகள் புடைத்துக்கொள்ளும். பால் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்கத் தொடங்குவார்கள். கன்று இறந்துபோன வீட்டில் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்திக் கறந்ததும் உண்டு. மடியில் பால் முன்பே நிறைந்திருக்கிறது. ஆனால் அதைப் பிழிந்து காம்புக்குத் தள்ள, மாட்டின் மூளையிலிருந்து ஓர் உத்தரவு வரவேண்டும். அந்த உத்தரவை ரத்தத்தின் வழியே மடிக்குக் கொண்டுவரும் ஹார்மோன்தான் ஆக்ஸிடோசின்.

பிரசவ அறையிலும் இதே ஹார்மோன்தான். நாள் கடந்தும் வலி எடுக்காத கர்ப்பிணிக்கு டிரிப்ஸில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுவது ஆக்ஸிடோசின். குழந்தை பிறந்த கையோடு, உதிரப்போக்கு மிஞ்சாமல் இருக்கப் போடப்படும் ஊசியும் அதுவே.

பிரசவம், பாலூட்டல் என்ற இந்த இரண்டு வேலைகளும் பெண்ணுக்கு உரியவை. ஆனால் ஆரோக்கியமான ஓர் ஆணின் ரத்தத்தைச் சோதித்தால் அதிலும் ஆக்ஸிடோசின் இருக்கிறது. கருவுறாத பெண்ணின் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆணின் மூளையும் அதை உண்டாக்கிச் சேமித்து வைக்கிறது. கருப்பை இல்லை, பாலூட்டும் மார்பு இல்லை. பிறகு எதற்காக?

பெயர் போட்ட வேலி

1906-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல் என்ற உடலியல் அறிஞர், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு, கருவுற்ற பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் மகப்பேறு மருத்துவர்கள் அந்தச் சாற்றைப் பிரசவத்தில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1910-இல் ஓட், ஸ்காட் என்ற இருவர், அதே சாற்றை ஏற்றினால் ஆட்டின் மடியிலிருந்து பால் வெளிவருவதைக் கண்டார்கள். அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு, விரைவான பிரசவம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற பெயர் வந்தது.

அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு வின்யோ 1953-இல் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். ஒன்பதே அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சிறு மாலை அது. அதை ஆய்வகத்தில் அப்படியே செய்தும் காட்டினார். ஹார்மோன் வகைப் புரதத்துண்டு ஒன்று செயற்கையாக உருவாக்கப்பட்டது அதுவே முதல்முறை. 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பெயர் ஒரு வேலியாகவும் ஆனது. பிரசவத்தின் பெயரைச் சுமந்த ஹார்மோனை ஆணின் உடலில் தேட வெகுகாலம் அதிகம் பேர் முனையவில்லை. ஆக்ஸிடோசினை ‘தாய்மை ஹார்மோன்’, ‘அன்பு ஹார்மோன்’ என்று அழைக்கும் இன்றைய வழக்கமும் அதன் அடிப்படையான வேலையை மறைத்துவிடுகிறது. அந்த வேலை மிக எளியது: தசை சூழ்ந்த ஒரு குழலையோ பையையோ சுருங்கவைப்பது.

தண்டோராவும் மதகும்

உடலில் தசைகள் ஒரே வகை அல்ல. கை, கால்களை அசைக்கும் தசை, நினைத்த மாத்திரத்தில் வேலை செய்யும். குடல், ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் இருப்பது வேறு. அதை மென்தசை என்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் கைகால் தசையில் தெரியும் குறுக்கு வரிகள் இதில் இருக்காது. இது யாருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படாது, மெதுவாகச் சுருங்கும், அதிகச் சக்தியைச் செலவழிக்காமல் நெடுநேரம் பிடித்து நிற்கும். விழுங்கிய சோறு தலைகீழாக நின்றாலும் இரைப்பைக்குப் போய்ச் சேர்வது, உணவுக்குழலின் சுவர் பின்னாலிருந்து முன்னால் அலையலையாகப் பிழிவதால்தான். இதற்கு அலையியக்கம் என்று பெயர்.

மென்தசைக்கு உத்தரவு இரண்டு வழிகளில் வரும். நரம்பு வழியே வருவது முகவரி எழுதிய கடிதம் போல. உரிய இடத்துக்கு மட்டும் போகும், சீக்கிரம் போகும். ஹார்மோன் வழியே வருவது ஊர் முழுக்கப் போடும் தண்டோரா. எல்லாத் தெருவிலும் கேட்கும். ஆனால் ‘ஆயக்கட்டுக்காரர்கள் கரைக்கு வரவும்’ என்று அறிவித்தால் நிலம் இல்லாதவர் எழுந்து போவதில்லை. அதைப் போல, ரத்தத்தில் சுற்றும் ஆக்ஸிடோசினுக்குச் செவிகொடுக்கும் செல்கள் சிலவே. செவிகொடுப்பதற்கென அவற்றின் மேற்பரப்பில் ஒரு தனிப் புரதம் இருக்கிறது. அதன் பெயர் ஏற்பி. மனித ஆக்ஸிடோசின் ஏற்பியின் மரபணுவை ஜப்பானைச் சேர்ந்த தடாஷி கிமுராவும் அவரது குழுவினரும் 1992-இல் பிரித்தெடுத்தார்கள்.

ஏற்பியில் ஆக்ஸிடோசின் வந்து அமர்ந்தவுடன் செல்லுக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு மென்தசைச் செல்லிலும் கால்சியத்தைத் தேக்கி வைத்திருக்கும் நுண்பைகள் உண்டு. அவற்றைச் சிறு கண்மாய்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்பி ஒரு தூதனைச் செல்லுக்குள் அனுப்புகிறது. தூதன் போய் மதகைத் திறக்கிறான். கால்சியம் பாய்கிறது. செல்லின் நீளவாட்டில் கிடக்கும் இரண்டு வகைப் புரத இழைகள், கால்சியம் பட்டதும் தொடங்கும் வேதிமாற்றத்தால் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. செல் குறுகுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து குறுகினால் குழல் பிழிபடும். வேலை முடிந்ததும் கால்சியம் மீண்டும் பைகளுக்குள் இறைக்கப்படுகிறது, தசை தளர்கிறது.

கருப்பையில் நடப்பது இதுதான். பிரசவம் நெருங்கும்போது கருப்பைத் தசையில் ஏற்பிகள் பெருகுகின்றன. அதே தண்டோரா இப்போது பல மடங்கு உரக்கக் கேட்கிறது. ஆகவே ஆணின் உடலைப் பற்றிய கேள்வியை வேறுவிதமாகக் கேட்கலாம். அங்கே மென்தசை சூழ்ந்த குழல்கள் எங்கே இருக்கின்றன? அவற்றில் ஆக்ஸிடோசின் ஏற்பி இருக்கிறதா?

நீந்தத் தெரியாத பயணிகள்

மனித விந்தகம் ஒன்றுக்குள் மடிந்து கிடக்கும் நுண்குழல்களை எல்லாம் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சில நூறு மீட்டர் நீளும். விந்தணுக்கள் உருவாவது அவற்றின் சுவரில். தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். அப்படி உருவாகி வெளிவரும் விந்தணுவுக்கு வால் இருக்கும், ஆனால் நீந்தத் தெரியாது. அந்தத் திறமை பிற்பாடுதான் வரும். அதுவரை அதை யாராவது தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

யார் தள்ளுகிறார்கள் என்பதற்கு முதல் துப்பு 1951-இல் கிடைத்தது. எட்வர்டு ரூசன்-ருங்கே என்ற ஆய்வாளர், எலி, நாய் ஆகியவற்றின் விந்தக நுண்குழல்கள் தாமாகவே நெளிந்து அசைவதை விவரித்தார். 1958-இல் கனடாவின் யீவ் கிளெர்மோன், எலியின் நுண்குழலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் சுருங்கக்கூடிய செல்கள் இருப்பதைக் காட்டினார். மென்தசையை ஒத்த அவை குழலைச் சுற்றி ஒரு போர்வை போலப் படிந்திருக்கின்றன. 1965-இல் பின்லாந்தைச் சேர்ந்த நீமி, கோர்மானோ என்ற இருவர் எலியின் நுண்குழல்களுக்கு ஆக்ஸிடோசின் கொடுத்து, சுருக்கங்கள் அதற்குப் பதில் தருவதைப் பதிவு செய்தார்கள்.

அதைவிட வியப்பான செய்தி 1984-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஹெலன் நிக்கல்சனும் அவருடைய சகாக்களும் விந்தகத்துக்குள்ளேயே ஆக்ஸிடோசினைக் கண்டார்கள். நுண்குழல்களுக்கு இடையே இருந்துகொண்டு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் செல்களே எலியில் ஆக்ஸிடோசினையும் வைத்திருக்கின்றன என்று அடுத்த ஆண்டே அந்தக் குழுவினர் காட்டினார்கள். அதாவது தண்டோரா மூளையிலிருந்து மட்டும் வருவதில்லை. தெருவுக்குள்ளேயே ஒருவர் கையில் பறை இருக்கிறது.

விந்தகத்தைத் தாண்டியதும் பயணத்தின் அடுத்த கட்டம், எபிடிடிமிஸ் என்ற சுருள்குழல். தமிழில் இதை முதிர்குழல் எனலாம். விந்தணு முதிர்ந்து நீந்தும் திறனைப் பெறுவது இங்கேதான். மனிதரில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள இந்த ஒற்றைக் குழல், சுண்டுவிரல் நீளத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. இதன் தலைப்பகுதி ஓயாமல் அலையியக்கம் செய்கிறது. வால்பகுதி பெரும்பாலும் அமைதியாக இருந்து விந்தணுக்களைச் சேமித்து வைக்கிறது. அங்கிருந்து புறப்படுவது விந்துநாளம். ஆண்களுக்கான குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையில் துண்டிக்கப்படுவது இதுதான். தொட்டால் இறுகிய கயிறு போல இருக்கும். காரணம், நடுவே மிகக் குறுகிய துளையும் அதைச் சுற்றித் தடித்த மென்தசையும் கொண்டது அது.

1998-இல் நிக்கல்சனும் ஃப்ரேனும், மனிதரிலும் மக்காக் குரங்குகளிலும் ஆண் இனப்பெருக்கப் பாதையில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் இருப்பதை வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகர ஆய்வாளர்கள், முதிர்குழலில் ஏற்பி வெறுமனே இருப்பது மட்டுமல்ல, வேலையும் செய்கிறது என்று காட்டினார்கள். ஆக்ஸிடோசின் பட்டதும் குழல் சுருங்கியது.

அந்தக் குழு இன்னொன்றையும் கேட்டது. முதிர்குழலில் எத்தனை ஏற்பிகள் இருக்கவேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? ஆண் உறுப்பு என்பதால் டெஸ்டோஸ்டிரோன் என்றுதான் யாரும் ஊகிப்பார்கள். முயல்களில் அவர்கள் கண்டது நேர்மாறு. ஏற்பிகளைப் பெருக்கி, குழலின் துடிப்பை உயர்த்தியது ‘பெண் ஹார்மோன்’ என்று பெயர் பெற்ற ஈஸ்ட்ரோஜன். ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுவது இயல்பான நிகழ்வு. அப்படி மாறியதே முதிர்குழலை ஆக்ஸிடோசினுக்குச் செவிசாய்க்க வைக்கிறது. கருப்பையின் ஏற்பிகளைப் பெருக்குவதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. இரு பாலருக்கும் சூத்திரம் ஒன்றாகவே இருக்கிறது.

கிடாவின் ரத்தம், ஆட்டின் மடி

குழல் சுருங்கும் என்பது ஆய்வகத் தட்டில் தெரிந்துவிட்டது. ஆனால் உயிருள்ள ஆணின் உடலில் ஆக்ஸிடோசின் உண்மையிலேயே வெளிவிடப்படுகிறதா? இன்று ரத்தத்தை எடுத்து அளந்துவிடலாம். 1961-இல் அந்த வசதி கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிடோசினின் அளவு அவ்வளவு நுண்ணியது. சில நிமிடங்களில் பாதி அழிந்தும் போய்விடும்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டெபாக்கெர, பேட்டர்ஸ், டூயிட்டன்ஸ் ஆகிய மூவர் கையாண்ட வழி அறிவியல் சாதுரியத்துக்கு ஓர் அருமையான உதாரணம். அளக்கும் கருவி இல்லையென்றால், ஆக்ஸிடோசினை உணரக்கூடிய ஓர் உயிருள்ள உறுப்பையே கருவியாக்கலாம். பால் மடியைவிடச் சிறந்த உறுப்பு எது? அவர்கள் செம்மறிக் கிடாவின் ரத்தம், பால் கொடுக்கும் பெட்டை ஆட்டின் மடிக்குச் செல்லும்படி இரண்டு விலங்குகளின் ரத்த ஓட்டத்தை இணைத்தார்கள். பிறகு கிடாவின் விந்துப்பைகளையும் விந்துநாளத்தின் இறுதிப் பகுதியையும் பிடித்துவிட்டார்கள். தூண்டப்பட்டது கிடா; பால் இறங்கியது ஆட்டின் மடியில்.

இரண்டு விலங்குகளுக்கும் இடையே நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. இணைத்தது ரத்தம் ஒன்றுதான். ஆகவே கிடாவின் உடலில், இனப்பெருக்க உறுப்புகள் தூண்டப்பட்டவுடன், பால் இறக்கும் பொருள் ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். கன்று மடியை முட்டும்போது மாட்டின் மூளையில் நடக்கும் அதே அனிச்சைச் செயல் கிடாவுக்கும் இருக்கிறது.

பின்னாளில், ரத்தத்திலுள்ள ஹார்மோன்களை மிகத் துல்லியமாக அளக்கும் கதிரியக்க முறை புழக்கத்துக்கு வந்தது. 1987-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியான இரண்டு ஆய்வுகள், ஆண்களில் உறவின் உச்சத்தில் ஆக்ஸிடோசின் கூடுவதைக் காட்டின. பிரிட்டன் ஆய்வில் விந்து வெளியேறும் தருணத்தில் அது சட்டென்று பல மடங்கு உயர்ந்து, அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கியது.

தேர் வடத்தில் ஒரு கை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கதை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆக்ஸிடோசின் வெளியாகிறது, ஏற்பிகள் இருக்கின்றன, குழல்கள் சுருங்குகின்றன, விந்தணுக்கள் நகர்கின்றன. கிடாக்களுக்கும் முயல்களுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டபின் சேகரித்த விந்தில் விந்தணுக்களின் எண்ணிக்கை கூடியதையும் பல ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆனால் ஒன்று இன்னொன்றைச் செய்யமுடியும் என்பதும், அது இல்லாமல் முடியாது என்பதும் வேறு வேறு.

இரண்டாவதைச் சோதிக்க, அந்தப் பொருளையே உடலிலிருந்து நீக்கிப் பார்க்கவேண்டும். 1996-இல் ஆக்ஸிடோசின் மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். தாய் எலிகள் குட்டி போட்டன. ஆனால் பாலூட்ட முடியவில்லை. ஆக்ஸிடோசின் ஊசி போட்டதும் பால் இறங்கியது. ஆண் எலிகளுக்கோ ஒரு குறையும் தெரியவில்லை. அவை இணைசேர்ந்தன, குட்டிகளுக்குத் தந்தையாயின. 2005-இல் ஏற்பியையே நீக்கிப் பார்த்தபோதும் ஆண் எலிகளின் கருவுறச் செய்யும் திறன் குன்றவில்லை.

இது முந்தைய ஆய்வுகளைப் பொய்யாக்கிவிடவில்லை. தேர் வடத்தைப் பிடித்திருக்கும் நூறு கைகளில் ஒன்று விலகினால் தேர் நின்றுவிடாது. ஆண் இனப்பெருக்கக் குழல்களைப் பல கைகள் இழுக்கின்றன. விந்து வெளியேறும் அந்தச் சில நொடிகளில் முதல் இழுப்பு நரம்புகளுடையது. அவை நார்அட்ரினலினை நேரடியாக மென்தசையின்மேல் விடுகின்றன. எண்டோதீலின் என்ற இன்னொரு பொருளும் முதிர்குழலைச் சுருக்கும். ஆக்ஸிடோசினிலிருந்து இரண்டே அமினோ அமிலங்களில் வேறுபடும் வாசோபிரெசின் என்ற உடன்பிறப்பும் அதே வேலையைச் செய்யும்.

மருந்து தேடியவர்களுக்கும் இது பாடமாக அமைந்தது. 2003-இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், விந்தணு எண்ணிக்கை மிகக் குறைந்த ஆண்களுக்கு ஒருமுறை ஆக்ஸிடோசின் ஏற்றிப் பார்த்தார்கள். எண்ணிக்கை உயரவில்லை. விந்து முந்துதலுக்குத் தீர்வாக, ஆக்ஸிடோசின் ஏற்பியை அடைக்கும் எபல்சிபான், கிளிகோசிபான் என்ற இரண்டு மருந்துகளை வெவ்வேறு நிறுவனங்கள் சோதித்தன. இரண்டுமே வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. குழந்தைப்பேற்றுக்கு ஏங்கும் தம்பதிகளின் தவிப்பைக் காசாக்க, ‘ஆக்ஸிடோசின் ஸ்பிரே’ என்று யாராவது விற்க வந்தால், இந்த முடிவுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சுருக்கம் தொல்லையாகும் இடமும் ஒன்று உண்டு. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. விந்துத் திரவத்தின் ஒரு பகுதி இங்கிருந்து வருகிறது. இதற்குள்ளும் மென்தசை நிறைய உண்டு. வயதாகும்போது பல ஆண்களுக்கு இது வீங்கி, சிறுநீர்ப்பாதையை நெருக்குகிறது. இரவில் நாலைந்து முறை எழவேண்டியிருக்கிறது. நெருக்கடிக்குக் காரணம் வீக்கம் மட்டுமல்ல, உள்ளேயிருக்கும் மென்தசையின் இறுக்கமும்தான். இதற்குப் பரவலாகத் தரப்படும் டாம்சுலோசின் என்ற மாத்திரை சுரப்பியைச் சிறிதாக்குவதில்லை; நார்அட்ரினலினின் உத்தரவு தசைக்குக் கேட்காமல் செய்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஆக்ஸிடோசினும் புராஸ்டேட் தசையைச் சுருக்கும் என்பது 1992 முதல் தெரியும். அந்த உத்தரவையும் தடுத்தால் நோயாளிக்குக் கூடுதல் நிம்மதி கிடைக்குமா என்ற கோணத்தில் ஆய்வுகள் நடக்கின்றன.

குளத்து நத்தை

பெண்ணுக்கென உருவான ஹார்மோன் ஆணின் உடலுக்கும் எப்படியோ வந்துவிட்டதா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆக்ஸிடோசினின் குடும்பம், பாலூட்டிகளைவிட மிக மிகப் பழையது. முலையும் கருப்பையும் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்தது. உருளைப்புழுவில்கூட அதன் உறவுக்காரப் பொருள் ஒன்று உண்டு. அது இல்லாத ஆண் புழுக்கள் இணைசேரத் தடுமாறுகின்றன என்று 2012-இல் தெரியவந்தது.

இன்னும் தெளிவான சான்று ஒரு நத்தையிடம் இருக்கிறது. ஐரோப்பியக் குளங்களில் வாழும் லிம்னேயா என்ற நத்தைக்கு ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. ஒவ்வொரு நத்தைக்கும் இரண்டு உறுப்புகளும் உண்டு. அதன் உடலில் ஆக்ஸிடோசின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. பெயர் கோனோபிரெசின், நீளம் அதே ஒன்பது அமினோ அமிலங்கள். 1995-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அந்தப் பொருள் நத்தைக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ஆண் உறுப்புகளை ஆளும் நரம்பு செல்களில் அது இருந்தது. நத்தையின் விந்துநாளத்தை வெட்டியெடுத்து உப்புக்கரைசலில் இட்டு கோனோபிரெசினை விட்டபோது, அந்த மெல்லிய குழல் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, அலையலையாகத் துடித்தது.